கண் வைக்காத ஆள்

பாறசாலை
22-1-1955, சனிக்கிழமை

அக்கா,

பசு கன்று போட்டது, கொல்லைப் பக்கம் மதில் இடிந்தது எல்லாம் அப்பாவின் கடிதத்தில் வந்திருக்கும். நான் நேரே விஷயத்துக்கு வருகிறேன். கோபப்படாமல் கடைசிவரை படி.

நீ நாகர்கோவிலில் பயிற்சிப் பள்ளிக்குப் போகும்போது, நம் சபைக் கோயிலில் நீ நடத்திய சனிக்கிழமைக் கைவேலை வகுப்பை என்னிடம் விட்டுப் போனாய் அல்லவா? கூடவே மாதிரிப் பெட்டியையும் கொடுத்தாய். அந்தப் பெட்டியைப் பூட்டி மச்சில் வைத்துவிட்டேன். காகிதத் தாமரையும் ஓலைக் கிளியும் இனி வெளியே வரப் போவதில்லை.

காரணம் உண்டு. முதல் இரண்டு வாரம் நீ சொன்னபடியே தாமரையை நடுவில் வைத்து, இதைப் போலச் செய்யுங்கள் என்றேன். பதினொரு பிள்ளைகளும் பதினொரு தாமரை செய்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும்போது குமாரி, "டீச்சரே, இதுல என்னோடது ஏதாக்கும்?" என்று கேட்டாள். (நான் நாலாம் பாரம் படிக்கிறவள்தான் என்று எத்தனை தடவை சொன்னாலும் அவளுக்கு நான் டீச்சர்தான்.) எது அவளுடையது என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கோயில் அலமாரியில் அட்டை போன ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. மாதிரி காட்டினால் பிள்ளையின் கை மட்டும்தான் வேலை செய்யும், கண் தூங்கிவிடும் என்று அதில் இருக்கிறது. அதனால் இந்த வாரம் அவரவர் வீட்டைச் செய்யச் சொன்னேன். முதலில் வீட்டைக் காலடியால் அளந்து வர வேண்டும். பத்து அடிக்கு ஒரு விரற்கடை. வயல் களிமண், ஈர்க்கில், சிரட்டை, கண்ணுக்குக் குன்றிமணி, பாலராமபுரத்துச் சித்தப்பா தந்த கழிவு நூல், இவ்வளவுதான் சாமான். விஜயதாஸ் தன் வீட்டை அளந்தபோது கிணறு வீட்டைவிட அடுத்த வீட்டுக்குத்தான் பக்கம் என்று கண்டுபிடித்து வந்தான். அவன் வீட்டில் அதற்காக ஒரு சண்டையே நடந்ததாம். பெருக்கல் வாய்ப்பாட்டில் தோற்ற பையன் இவன்!

ஒரே ஒரு விஷயம்தான் புரியவில்லை. வீட்டிலுள்ளவர்களையும் செய்யச் சொன்னேன். ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு ஆள் கூடுதலாக இருக்கிறது.

உன் ரத்னம்


நாகர்கோவில்
27-1-1955

ரத்னபாய்,

முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதிலிருந்தே என் மனநிலை உனக்குத் தெரிந்திருக்கும்.

மாதிரி இல்லாமல் கைவேலை சொல்லிக் கொடுப்பது பாதை இல்லாமல் நடக்கச் சொல்வது போல. இங்கே எங்களுக்கு முதல் பாடமே அதுதான்: ஆசிரியை முதலில் செய்து காட்டுவாள், பிள்ளை பார்த்துச் செய்யும், பிழையைத் திருத்துவாள். உன் புத்தகத்துக்கு அட்டை இல்லாதது போல உன் வகுப்புக்கு ஒழுங்கும் இல்லை. அது சரி, வீட்டை அளக்கச் சொன்னது நல்ல யோசனை. அதை என் பாடக்குறிப்பில் எழுதிக்கொண்டேன். அதற்காகக் கர்வப்படாதே.

கூடுதல் ஆள் என்று பயப்பட என்ன இருக்கிறது? ஆறு வயதுப் பிள்ளைக்கு எண்ணத் தெரியாது. எண்ணிச் செய்யச் சொல்.

அப்பா எழுதியிருக்கிறார். என்னைப் பெண் கேட்ட நெய்யாற்றின்கரை ராபின்சன் வீட்டார் குருத்தோலை ஞாயிறுக்குள் பதில் கேட்கிறார்களாம். என் நிலை உனக்குத் தெரியாததல்ல. எனக்கும் ராஜதாஸுக்கும் கோயிலில் இரண்டு ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஓலைக்கு முந்தைய புதன்கிழமை அவர் தமிழ்நாட்டோடு சேரக் கேட்ட ஊர்வலத்துக்கு மார்த்தாண்டம் போனார். அன்றுதான் போலீஸ் சுட்டது. இறந்தவர்களிலும் அவர் பெயர் இல்லை, ஜெயிலிலும் இல்லை. ஐந்து மாதம் ஆகிறது. இல்லாத ஒருவருக்காக இருக்கிற ஒருவரை வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்? அவர் இல்லை என்று யார் சொன்னது?

அவர் வீட்டுப் பக்கம் போனாயா? அவர் அம்மாவைப் பார்த்தாயா?

சத்தியபாய்


பாறசாலை
5-2-1955

அக்கா,

போனேன். ராஜதாஸ் அண்ணன் அம்மா முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். "சத்தியம் சொவமா இருக்காளா?" என்று மட்டும் கேட்டார்கள். நான் இருக்கிறாள் என்றேன். அவர்கள் மறுபடி பெருக்கத் தொடங்கினார்கள்.

நீ சொன்னபடி எண்ணிச் செய்ய வைத்தேன். பிள்ளைகளுக்கு எண்ணத் தெரிகிறது. அதுதான் பிரச்சினை.

ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு, ஒவ்வொருவராக அங்கி மாற்றும் அறைக்குள் உட்காரவைத்தேன். வீட்டில் எத்தனைபேர் என்று முதலில் கேட்டுக் கரும்பலகையில் எழுதினேன். நேசையன் "ஏழு" என்றான். ஏழுபேரையும் செய்தான், பெயர் சொன்னான், எல்லாருக்கும் குன்றிமணியில் கண் வைத்தான். பிறகு கேட்காமலே இன்னொரு உருண்டை மண் எடுத்தான். அடுக்களைக்குப் பின்னால் கொண்டு நிறுத்தினான்.

"யாருடே இது?"

"ஆளாக்கும்."

"என்ன ஆளு?"

"நிக்கிய ஆளு."

"பேரு இல்லியா?"

"பேரு கேக்கப்பிடாது டீச்சரே. அம்மெ ஏசுவா."

பதினொரு பேரிடமும் இதே கதைதான். எல்லா வீட்டிலும் அவர் அடுக்களைக்குப் பின்னால்தான் நிற்கிறார். எல்லாவற்றிலும் ஒரு கை வயிற்றில் இருக்கிறது. எல்லாவற்றிலும் கண் இல்லை. கண் வைக்க மறந்துவிட்டாயா என்று குமாரியிடம் கேட்டேன். அவள் என்னை முட்டாளைப் பார்ப்பது போலப் பார்த்தாள்.

"கண்ணு வச்சா அவரு நம்மளப் பாப்பாருல்லா."

அக்கா, பிள்ளைகள் வீடு செய்த பலகைகளைக் கோயில் வராந்தாவில் வரிசையாகக் காய வைத்திருக்கிறேன். ராஜையா உபதேசியார் வந்து பார்த்தார். வீடுகளின் கீழே பிள்ளைகள் தமிழில் பெயர் எழுதி ஒட்டியதைப் பார்த்து, "போலீஸ் ஜீப்பு போற வழியாக்கும் இது. மலையாளத்திலயும் எழுதிப் போடு மக்கா" என்றார். அந்த ஆளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டின் பின்பக்கத்தையும் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனார்.

ரத்னம்


நாகர்கோவில்
9-2-1955

ரத்னம், என் கண்ணே,

எந்தக் கை? வலதா, இடதா? வயிற்றில் எந்த இடம்? விலாவுக்குக் கீழேயா? அந்தப் பதினொரு வீடும் எந்தெந்த வீடு? உடனே எழுது.

உனக்குப் புரியவில்லையா? யாரோ ஒளிந்திருக்கிறார். வீடு மாறி வீடு மாறி நிற்கிறார். அடி பட்டிருக்கிறது, காயத்தைக் கையால் பொத்திக்கொண்டிருக்கிறார். பெரியவர்கள் பிள்ளைகள் வாயை அடைத்திருக்கிறார்கள், ஆனால் கையை அடைக்க முடியவில்லை. நம் ஊரிலிருந்து போய்த் திரும்பாதவர் ஒருவர்தான்.

இத்துடன் ஒரு படமும் துணியும் இருக்கிறது. படம் நிச்சயத்தன்று எடுத்தது. துணி நான் அவருக்குத் தைத்துக் கொடுத்த சட்டையின் மீதி, ஊர்வலத்தன்று போட்டுக்கொண்டு போன கட்டம் போட்ட சட்டை. வரும் சனிக்கிழமை இரண்டையும் பிள்ளைகள் முன்னால் வை. பெயர் சொல்லாதே. 'அந்த ஆளை இன்னும் நன்றாகச் செய்யுங்கள், முகமும் சட்டையும் வைத்து' என்று மட்டும் சொல். அவர்தான் என்றால் செய்வார்கள்.

அப்பாவிடம் வாயைத் திறக்காதே.

சத்தியம்


பாறசாலை
14-2-1955

அக்கா,

படமும் துணியும் கிடைத்தன. பைபிளுக்குள் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காட்டவில்லை.

என்னைத் திட்டுமுன் யோசித்துப் பார். தாமரையை வைத்தால் தாமரை வரும். படத்தை வைத்தால் படம் வரும். அவர்தான் என்பதால் செய்தார்களா, நான் வைத்ததால் செய்தார்களா என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? இப்போது பிள்ளைகளுக்குத் தெரிந்தது அவர்கள் கையில் இருக்கிறது. அதன்மேல் நாம் ஒன்றைப் போட்டுவிட்டால் அது திரும்பக் கிடைக்காது. நான் காத்திருந்து கவனிக்கிறேன். இன்னும் மூன்று சனிக்கிழமை கொடு.

கை வலது கை. மூன்றுபேர் மட்டும் இடது கை வைத்திருக்கிறார்கள். அவர்களில் இரண்டுபேர் இடது கையால் எழுதுகிறவர்கள்.

ரத்னம்


நாகர்கோவில்
17-2-1955

உனக்கு இது வகுப்பு. எனக்கு இது என் ஆயுசு.

குருத்தோலை ஞாயிறுக்கு இன்னும் ஏழு வாரம்கூட இல்லை. படத்தைக் காட்டாவிட்டால் இனி எனக்குக் கடிதம் எழுத வேண்டாம்.


பாறசாலை
26-2-1955

அக்கா,

காட்டினேன்.

பிள்ளைகளுக்கு நடுவில் ஒரு பலகையில் படத்தைச் சாய்த்து வைத்து, துணியைப் பக்கத்தில் விரித்தேன். நீ சொன்ன வார்த்தைகளையே சொன்னேன். பிள்ளைகள் முதலில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "எப்பவும் நிக்கிய ஆளா?" என்று விஜயதாஸ் கேட்டான். ஆமாம் என்றேன். பிறகு எல்லாரும் மண்ணை எடுத்தார்கள்.

பதினொரு பேரும் செய்தார்கள். கழிவு நூலை ஒட்டிக் கட்டம் போட்டார்கள். மீசை வைத்தார்கள். படத்தில் தலை வலப்பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது அல்லவா, பதினொரு தலையும் அதே பக்கம் சாய்ந்திருந்தது. கை இரண்டும் படத்தில் இருப்பது போலத் தொங்கின. வயிற்றில் யாருடைய கையும் இல்லை.

கண்ணும் வைத்தார்கள். படத்தில் கண் இருந்ததே.

நேசையன்தான் முதலில் அழுதான். பலகையை எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டேன் என்றான். குமாரி முந்தானை பிடிப்பது போல என் பாவாடையைப் பிடித்துக்கொண்டு, "இப்போ அவரு பாக்காரு டீச்சரே" என்றாள். நான் ஊசியை எடுத்துக் குன்றிமணிகளை ஒவ்வொன்றாகக் கிளறி எடுத்தேன். இருபத்திரண்டு. கண் இருந்த இடத்தில் குழி. அது இன்னும் மோசமாக இருந்தது.

நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். இதை நீ சாட்சியாக எடுத்துக்கொள்ளாதே.

ரத்னம்


நாகர்கோவில்
2-3-1955

என் ரத்னம்,

பதினொரு பேர்! ஒருவர்கூட மாட்டேன் என்று சொல்லவில்லை பார்த்தாயா? சட்டையைக்கூட மறுக்கவில்லை. இதற்குமேல் என்ன சாட்சி வேண்டும்?

ராபின்சன் வீட்டுச் சம்பந்தத்தில் எனக்குச் சம்மதமில்லை என்று அப்பாவுக்கு எழுதிவிட்டேன். காரணத்தை நேரில் சொல்வதாக எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வாறேன். வீடு வீடாகப் போய் நானே கேட்பேன். என் முகத்தைப் பார்த்து யாரும் பொய் சொல்ல மாட்டார்கள்.

சத்தியம்


பாறசாலை
12-3-1955

அக்கா,

நீ வந்து போய் ஆறு நாளாகிறது. கிளம்பும்போது என் முகத்தைக்கூடப் பார்க்காமல் பஸ் ஏறினாய். பதினொரு வீட்டிலும் "யாரும் வரல்ல, யாரையும் கண்டதில்ல" என்று சொன்னார்கள் என்று அழுதாய், எல்லாரும் பொய் சொல்கிறார்கள் என்றாய். அவர்கள் பொய் சொல்லவில்லை. அதைத்தான் எழுதப் போகிறேன். எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

பிள்ளைகளிடம் கேட்பதை ஒருநாளும் நான் செய்து பார்த்ததில்லை என்று இந்த வாரம்தான் உறைத்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அடுக்களைப் படியில் உட்கார்ந்து நம் வீட்டைச் செய்தேன். காலடியால் அளந்தேன். அப்பா, அம்மா, நான் என்று மூன்றுபேரை வைத்தேன். நீ அங்கே இருப்பதால் உன்னை வைக்கவில்லை. அம்மா தேங்காய் துருவிக்கொண்டே எட்டிப் பார்த்தாள்.

"எட்டி, ஒருத்தர் குறையுதே."

"அக்கா நாகர்கோவில்லல்லா இருக்கா?"

"அவளில்ல" என்றாள். உடனே வாயை மூடிக்கொண்டாள். துருவியது முழுக்கத் தரையில் சிந்தியது.

பிறகு சொன்னாள். ஆகஸ்டிலிருந்து, விளக்கு வைக்கும் நேரத்தில் அடுக்களைக்குப் பின்னால் ஒரு சட்டி கஞ்சி வைக்கிறாள். போலீஸுக்குப் பயந்து ஓடியவர்கள் யாராவது அந்த வழி வந்தால் குடிக்கட்டும் என்று. அப்பாவுக்குக்கூடத் தெரியாது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது என்றும் சொன்னாள். தான் மட்டும்தான் வைப்பதாக அவள் நினைத்திருந்தாள்.

அக்கா, ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள். நேற்று நான் குமாரியின் அம்மாவிடம் எங்கள் வீட்டுச் சட்டியைப் பற்றி முதலில் சொன்னேன். அவள் தன்னுடையதைக் காட்டினாள். பிறகு நேசையன் வீடு. பிறகு விஜயதாஸ் வீடு. பிள்ளைகள் கேட்டபோது "ஒரு ஆளுக்காக்கும், யாருட்டயும் மிண்டப்பிடாது" என்று சொல்லியிருக்கிறார்கள். பிள்ளைகள் அந்த ஆளைத்தான் செய்தார்கள். யாரும் அவரைக் கண்டதில்லை. அதனால்தான் பெயரும் கண்ணும் இல்லை. கை வயிற்றில் இருந்தது காயத்துக்காக இல்லை. நேசையனிடம் கேட்டேன். "பசிச்சா கை அங்கதானே போவும்" என்றான்.

இது வரைக்கும் எனக்குப் புரிகிறது. மற்றது புரியவில்லை. நான் கண்டதை அப்படியே சொல்கிறேன். காலையில் சட்டி காலியாக இருக்குமாம். நாய் குடித்திருக்கும் என்று சொன்னேன். "நாய் சட்டியைக் களுவிக் கமத்தி வச்சிட்டா போவும்?" என்று அம்மா கேட்டாள். நான்கு வீட்டிலும் தனித்தனியே அதையே சொன்னார்கள். கழுவிக் கவிழ்த்திருக்கும். ஒரே ஆள் இத்தனை சட்டி குடிக்க முடியாது. இத்தனை ஆள் யார் கண்ணிலும் படாமல் இருக்கவும் முடியாது.

இன்னொன்று. நாம் கண் வைத்த சனிக்கிழமையிலிருந்து, இந்த நான்கு வீட்டிலும் கஞ்சி வைத்தபடியே இருக்கிறது. ஆடை கட்டிப் புளித்துப் போகிறது. அம்மா தினமும் கொட்டிவிட்டு மறுபடி வைக்கிறாள்.

அவர் ராஜதாஸ் அண்ணன்தானா என்று என்னால் சொல்ல முடியாது. அவர் இல்லை என்றும் சொல்ல முடியாது. படத்தைக் காட்டாமல் இருந்திருந்தால் ஒருநாள் தெரிந்திருக்கலாம். காட்டியது என் கை. உன்மேல் பழி இல்லை.

இன்று வகுப்புக்கு எட்டுப் பேர்தான் வந்தார்கள். எதை வேண்டுமானாலும் செய்யுங்கள் என்றேன். ரொம்ப நேரம் மண்ணைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்கள். பிறகு குமாரி, "மாதிரி காட்டும் டீச்சரே" என்றாள்.

ரத்னம்


நாகர்கோவில்
26-3-1955, சனிக்கிழமை

ரத்னம்,

உன் கடிதத்தை இரண்டு வாரம் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். கோபம் முதல் நாளே போய்விட்டது. வெட்கம் போகத்தான் நாளாயிற்று. நீ மூன்று சனிக்கிழமை கேட்டாய். நான் கொடுக்கவில்லை.

இன்று எங்களுக்குக் கைவேலைச் செய்முறைப் பரீட்சை. பரீட்சைக்கு வந்தவர் மெலிந்த ஒரு அம்மாள். மாதிரி வரும் என்று எல்லாரும் காத்திருந்தோம். அவர்கள் ஆளுக்கொரு பலகையும் களிமண்ணும் கொடுத்து, "உங்கள் வீட்டைச் செய்யுங்கள். யாரார் உண்டோ எல்லாரும் இருக்க வேண்டும்" என்றார்கள். என் பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துச் செய்யலாம் என்று திரும்பினாள்.

நம் வீட்டுக் காலடிக் கணக்கு எனக்குத் தெரியாது என்று அப்போதுதான் தெரிந்தது. பத்தொன்பது வருஷம் இருந்த வீடு. உத்தேசமாகச் செய்தேன். அடுக்களை மட்டும் சரியாக வந்தது. அப்பாவை வைத்தேன். அம்மாவை வைத்தேன். உன்னைப் புத்தகத்தோடு வைத்தேன். என்னை வைத்தேன். மண் மிச்சம் இருந்தது. அதை உருட்டிக்கொண்டே இருந்தேன்.

என் கை போகும் என்று நினைத்தேன், ரத்னம். பிள்ளைகளுக்குப் போன மாதிரி. அடுக்களைக்குப் பின்னால் இடம் விட்டுத்தான் செய்திருந்தேன். அவரை எனக்கு நன்றாகத் தெரியும், சட்டை தைத்த அளவுகூடத் தெரியும். மண் உள்ளங்கைச் சூட்டில் காய்ந்து வெடிக்கத் தொடங்கியது. கை போகவில்லை.

அந்த அம்மாள் வந்து நின்று, "எல்லாரும் வந்தாச்சா?" என்று கேட்டார்கள்.

"வந்தாச்சு" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்குக் கேட்டது.

அப்பாவிடம் நீயே சொல். மூன்றாவது ஓலைக்காக நான் இனிக் காத்திருக்கவில்லை. ராபின்சன் வீட்டாருக்கு நான் எழுதச் சொன்னதை மாற்றி எழுதட்டும், ஈஸ்டர் கழிந்து வரலாம் என்று. ராஜதாஸின் அம்மாவிடம் நானே வந்து சொல்வேன். படத்தை அவர்களிடம் கொடுத்துவிடு. துணியை மட்டும் எனக்கு அனுப்பு.

பிள்ளைகளிடம் எதையும் காட்டாதே. மண்ணைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாலும் உட்காரட்டும், நீயும் கூட உட்கார்.

சாயங்காலம் பலகையை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார்கள். வெடிக்காமலிருக்க எல்லாவற்றின் மேலும் ஈரத்துணி போட்டு மூடி, மதியத்திலிருந்து அந்த அறையைப் பூட்டி வைத்திருந்தார்கள். என் பலகையைத் தூக்கினேன். துணிக்கு அடியில் எல்லாம் மேடும் பள்ளமுமாகத் தெரிந்தது. துணியை விலக்கி, நான் வைத்த நாலுபேர்தானா என்று எண்ணிப் பார்க்கலாம் என்று தோன்றியது.

எண்ணவில்லை. அப்படியே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

சத்தியம்